அக்காளின் குரல்

எங்கள் அக்காள் பதினைந்தாம் வயதில் பங்கின் பாடற்குழுவில் சேர்ந்தார். திண்டுக்கல்லில் எங்கள் கோவிலின் ஒலிபெருக்கி அந்நாட்களில் பாதி நேரம் இயங்காது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதுமில்லை. நற்கருணை ஆசீர் வேளையில் அக்காள் பாடத் தொடங்கினால், கடைசியில் தூணோடு சாய்ந்து நிற்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாய்க் கேட்கும். அந்தக் குரல் எப்படிப் போயிற்று, எதனால் போயிற்று, அதை நாங்கள் எவ்வளவு தவறாகப் புரிந்துகொண்டோம் என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாய் எண்ணி வந்தோம். நாங்கள் என்பது அவருக்குப் பின் பிறந்த மூவர்: இரண்டு தம்பியர், ஒரு தங்கை. எழுதும் கை ஒன்றே ஆயினும் குற்றம் மூவருக்கும் பொது. எழுதுவதற்கு அக்காள் இசைவு தந்துவிட்டார். பெயரை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார்.

1998-ஆம் ஆண்டின் புனித வாரத்தில் தொடங்கியது எல்லாம். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, பள்ளி ஆசிரியை, திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குருத்து ஞாயிறு முதல் அவர் உறங்கவில்லை. பாஸ்காப் பாடல்கள் அனைத்திற்கும் புதிய மெட்டு அமைப்பதாகச் சொல்லி நான்கு நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். இரவு இரண்டு மணிக்குப் பாடற்குழுப் பிள்ளைகளின் வீட்டுக் கதவுகளைத் தட்டி ஒத்திகைக்கு அழைத்தார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பேருந்து நிலையத்திலிருந்த ஒரு மூதாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தார். தெருவில் சிலர் அருள் இறங்கியிருக்கிறது என்றனர். வேறு சிலர் வேறொன்று இறங்கியிருக்கிறது என்றனர். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையின் நடுவே பங்குத்தந்தையின் கையிலிருந்து நூலை வாங்கி அவரே உரத்து வாசிக்கத் தொடங்கியபோது அப்பா தலைகுனிந்து அழுதார். அதற்கு முன் அவர் அழுது நாங்கள் கண்டதில்லை.

மதுரையில் ஒரு மனநல மருத்துவர் நோய்க்குப் பெயர் சொன்னார். மிகையான எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய். மருந்தின் பெயர் லித்தியம். நாள் ஒன்றுக்கு மூன்று மாத்திரைகள், ஒவ்வொன்றும் 300 மில்லிகிராம். இரத்தத்தில் அதன் அளவு 0.6-க்கும் 1.0-க்கும் இடையில் நிற்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை அம்மா செபமாலைப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். திருமணப் பேச்சு அத்துடன் நின்றது. அதைப் பற்றி இங்கு மேற்கொண்டு எழுதப் போவதில்லை.

ஆனால் அக்காள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் பின்னால் சொல்லப் போவதை மட்டும் படித்துவிட்டு அந்த மருந்தை யாரும் வெறுத்துவிடலாகாது. மூன்றே வாரத்தில் கொந்தளிப்பு அடங்கிற்று. ஐந்து ஆண்டுகள் அவர் பாடம் நடத்தினார், பாடினார், அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு உடனிருந்தார். இந்நோயாளரிடையே தற்கொலையைக் குறைப்பதில் லித்தியத்துக்கு இணையான சான்று வேறெந்த மருந்துக்கும் இல்லை எனப் பின்னாளில் அறிந்தோம்.

2003-ஆம் ஆண்டில் மாற்றம் வந்தது. வந்தது என்று சொல்வதும் பொருத்தமில்லை, ஊறிற்று எனலாம். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, அக்காள் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். முகம் ஊதிற்று. சீப்பில் முடி கொத்தாய் வந்தது. எடை பன்னிரண்டு கிலோ கூடிற்று. உண்பதோ முன்னைவிடக் குறைவு. மலச்சிக்கல் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லி வந்தார். மறையுரையின்போது உட்கார்ந்தபடியே உறங்கினார். பள்ளியில் விடைத்தாள்கள் திருத்தப்படாமல் குவிந்தன. கேள்வி ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

குரல் தடித்தது. முதலில் சளி என்றோம். அதிமதுரம் மென்றார், உப்புநீரால் கொப்பளித்தார். மேல் சுரங்கள் ஒவ்வொன்றாய் அவரை விட்டு நீங்கின. எஞ்சியது கரகரத்த, ஆண்குரல் போன்ற ஓர் ஒலி. அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய ஒத்திகையில் குழுத் தலைவர், “டீச்சர், இந்தத் தடவை கொஞ்சம் ஓய்வெடுங்களேன்” என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நள்ளிரவுத் திருப்பலியில் அக்காள் எங்களோடு வரிசையில் அமர்ந்திருந்தார். ‘உன்னதங்களிலே’ பாடும்போது அவர் வாய் அசையவில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? கண்டித்தோம். “மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டே இருந்தால் எப்படி அக்கா? மனத்தில் உறுதி வேண்டாமா?” என்று கேட்டது இதை எழுதும் தம்பியேதான். தங்கை வீட்டில் தங்க வைத்து நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போனோம். தியான இல்லம் ஒன்றில் ஐந்து நாட்கள் விட்டு வந்தோம். மருத்துவரிடமும் போகாமலில்லை. நோயின் மறுமுனையாகிய சோர்வுதான் வந்துவிட்டது என்று அவர் எண்ணி, சோர்வு நீக்கும் மருந்து ஒன்றைச் சேர்த்தார். பின்னர் அதன் அளவைக் கூட்டினார். பார்வைக்கு அது சோர்வுநோயாகவேதான் இருந்தது. லித்தியத்தின் அளவை அந்த ஐந்தாண்டுகளில் பதினான்கு முறை சோதித்திருந்தார்கள். கழுத்தில் கை வைத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை.

2004 மே மாதத்தில் கன்னியர் மடத்து மருந்தகத்தில் அக்காளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்ட ஓர் அருட்சகோதரி அவரை நிமிர்ந்து பார்த்தார். தோலைத் தடவினார். நாடி பிடித்தார். கணுக்காலின் பின்புறத்தைச் சிறு சுத்தியால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் திரும்பி அடங்க நேரம் எடுத்தது. “இவர் லித்தியம் சாப்பிடுகிறாரா?” என்று எங்களிடம் கேட்டார். ஆம் என்றோம். “தைராய்டு பார்த்தீர்களா?” என்றார். அப்படியொன்று பார்க்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது என்றோம்.

இரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். 48 என்று வந்தது. ஆரோக்கியமானவருக்கு அது நான்கு, ஐந்துக்குள் இருக்க வேண்டும்.

பாமரராகிய எங்களுக்குப் புரிந்த வரையில் இதை விளக்குகிறோம். கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, உடலின் உலை எவ்வளவு வேகமாய் எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. லித்தியம் இரத்தத்தில் இருப்பதைவிட இந்தச் சுரப்பியில் மிகுதியாய்ச் சேர்கிறது. சேர்ந்து, செய்து வைத்த ஹார்மோன் வெளியே வருவதைத் தடுக்கிறது. களஞ்சியத்தில் நெல் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இதை உணர்ந்து, இன்னும் சுரக்கச் சொல்லி உரக்கக் கூவுகிறது. அந்தக் கூவலின் அளவுதான் டி.எஸ்.எச். எண் ஏற ஏறக் கூவல் பெரிது, பதில் சிறிது. கூவலைக் கேட்டுக் கேட்டுச் சுரப்பி வீங்கிக் கழலையாவதும் உண்டு. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் லித்தியம் உண்பவர்களிடம் கழலை தோன்றுவதை 1968-இலேயே எழுதிவிட்டார்கள். அக்காளின் இரத்தத்தைச் சோதித்தது அதற்கு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து. பெண்களுக்கு இந்த ஆபத்து மிகுதி. தைராய்டு நோய் உள்ள குடும்பத்தாருக்கும் மிகுதி. எங்கள் பெரியம்மாவுக்குக் கழலை இருந்தது. அதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களாகவும் சொல்லவில்லை.

ஹார்மோன் குறைந்தால் குளிர் தாங்காது, எடை ஏறும், தோல் உலரும், சிந்தனை மந்தமாகும், மனம் சோரும். குரல் நாண்கள் தடித்துக் குரல் கரகரக்கும். அந்த அருட்சகோதரி இவற்றை ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல, நாங்கள் இரண்டு ஆண்டுகளாய் அக்காளின் குணம் என்று எண்ணியவை எல்லாம் வரிசையாய் எழுந்து நின்றன.

அன்றிரவு அக்காள் சொன்னதை எழுதாமல் விட முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்வது அவர் வழக்கம். அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் அறிக்கையிட்ட முதல் பாவம் சோம்பல். தலையான பாவங்கள் ஏழில் அதுவும் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். “எழுந்திருக்க முடியவில்லை என்று எனக்கே தெரியவில்லை தம்பி. எழுந்திருக்க மனம் வரவில்லை என்றுதான் நினைத்தேன். நீங்களும் அதையே சொன்னீர்களே” என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மெதுவாக, அந்தத் தடித்த குரலில் சொன்னார். நாங்கள் எழுந்து ஆளுக்கொரு பக்கமாய்ப் போய்விட்டோம்.

அடுத்து நாங்கள் செய்தது அதனினும் பெரிய தவறு. அக்காளின் இந்நிலைக்கு லித்தியமே காரணம் என்றால் அதை ஏன் கொடுக்க வேண்டும்? உறவினர் ஒருவர், ஆறு ஆண்டுகளாய் நோய் வரவில்லையே, குணமாகிவிட்டது, நிறுத்துங்கள் என்றார். கேட்க இனிமையாக இருந்தது. மருத்துவரைக் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தினோம். எங்களுக்கு அவர்மேல் கோபமும் இருந்தது.

ஐந்தாம் வாரம் ஓர் இரவு மூன்று மணிக்கு மொட்டை மாடியிலிருந்து பாட்டுக் கேட்டது. அக்காள் நின்று பாடிக்கொண்டிருந்தார். உறக்கமின்றி நாலைந்து நாட்களாகியிருக்க வேண்டும், நாங்கள் கவனிக்கவில்லை. தைராய்டு மாத்திரை அப்போதுதான் தொடங்கியிருந்தது, குரல் மீளவில்லை. அந்த உடைந்த குரலில், பழைய மேல் சுரங்களைப் பிடிக்க எக்கி எக்கி, விடியும் வரை பாடினார். தெருவிளக்கின் கீழே ஆட்கள் கூடினார்கள். யாரோ சிரித்தார்கள். தங்கை மாடிக்குச் சென்று அவர் பக்கத்தில் நின்று தானும் பாடினாள். அப்படித்தான் அவரைக் கீழே இறக்க முடிந்தது. பத்தொன்பது நாட்கள் மருத்துவமனையில் இருந்தார்.

நோய் திரும்பியதற்குப் பின்னரே இந்த மருந்தைப் பற்றி நாங்கள் படிக்கத் தொடங்கினோம். லித்தியம் 1817-இல் சுவீடன் நாட்டில் ஒரு கனிமத்திலிருந்து கண்டறியப்பட்டது. கல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயர் பெற்றது. அது மன எழுச்சி நோயைத் தணிக்கும் என்று 1949-இல் எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட். சிங்கப்பூர் சாங்கியில் ஜப்பானியரின் போர்க் கைதியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவர். மெல்பர்ன் அருகே ஒரு மனநல மருத்துவமனையில் அவர் பத்து நோயாளருக்கு இந்த உப்பைக் கொடுத்தார். முதல் நோயாளி பல ஆண்டுகளாய் அடங்காத எழுச்சியில் இருந்த மனிதர். சில வாரங்களில் தெளிந்தார், வீட்டுக்குச் சென்றார், பழைய வேலையில் சேர்ந்தார். பின்னர் மருந்தை விட்டுவிட்டார், நோய் திரும்பிற்று. 1950-இல் லித்தியம் உடலில் மிகுந்து நஞ்சாகி அவர் இறந்தார். அந்த முதல் மனிதரின் வாழ்விலேயே இந்த மருந்தின் நன்மையும், அதை நிறுத்தும் ஆபத்தும், அதன் நஞ்சும் எழுதப்பட்டிருந்தன. எங்களுக்குத்தான் அதைப் படிக்க வாய்க்கவில்லை.

மருத்துவமனையில் இம்முறை வாய்த்த மருத்துவர் இளைஞர். எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். “குறைவதை நாம் வெளியிலிருந்து கொடுத்துவிடலாமே. அதற்காக எதற்கு நல்ல மருந்தை நிறுத்துகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். லித்தியம் மீண்டும் தொடங்கிற்று. கூடவே தைராக்சின்: சிறிய அளவில் ஆரம்பித்து, ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கொரு முறை டி.எஸ்.எச். பார்த்து, 100 மைக்ரோகிராமில் நிலைபெற்றது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணியாவது கழித்தே காப்பி. நன்மை வாங்குமுன் மாத்திரை போடலாமா என்று அம்மா கவலைப்பட்டார். தண்ணீரும் மருந்தும் நற்கருணை நோன்பை முறிப்பதில்லை என்று பங்குத்தந்தை தெளிவுபடுத்தியதும் அமைதியானார்.

முகம் வடிந்தது. முடி நின்றது. விடைத்தாள்கள் திருத்தப்பட்டன. குரல் எல்லாவற்றுக்கும் கடைசியாய் வந்தது, முழுதாய் வரவுமில்லை. 2005 பாஸ்காவுக்கு அக்காள் பாடற்குழுவின் பின்வரிசையில், தாழ்ந்த குரல் பாடுவோரோடு நின்றார்.

சில ஆண்டுகள் கழித்துத் தாகம் தொடங்கிற்று. படுக்கையருகே கூஜா வைத்துக்கொண்டு இரவில் நான்கு முறை எழுந்தார். சர்க்கரை நோய் என்று நாங்களே முடிவு செய்து சோதித்தோம், சர்க்கரை இல்லை. இதுவும் ஹார்மோன் வழக்குத்தான். மூளையிலிருந்து வாசோபிரசின் என்னும் ஹார்மோன் சிறுநீரகத்துக்குத் தண்ணீரைச் சேமிக்கக் கட்டளையிடுகிறது. லித்தியத்தால் சிறுநீரகத்தின் காது மந்தமாகிவிடுகிறது, கட்டளை கேட்பதில்லை, தண்ணீர் வீணே வெளியேறுகிறது. மூன்று வேளை மாத்திரையை இரவில் ஒரே வேளையாக்கி அளவையும் சற்றுக் குறைத்தார்கள், ஓரளவு தணிந்தது. தாகத்துக்குத் தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்றார் மருத்துவர். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிறபோது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே உப்பில்லாப் பத்தியம், தண்ணீர் கூட அருந்தாத நோன்பு, ஆகஸ்டு வெயிலில் வேளாங்கண்ணிப் பாதயாத்திரை எல்லாம் அவருக்கு விலக்கு. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பலவும் அப்படியே. வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் போனார். நடந்து போனவர்களுக்குச் சமமாய் எனக்கும் பலன் உண்டா என்று கேட்டுச் சிரித்தார்.

மூன்றாவது பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. பலரும் கேள்விப்படாதது அதுவே. தைராய்டின் பின்புறம் துவரம்பருப்பளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை சுரந்து எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். போதிய அளவு வந்ததும் ஓய்ந்துவிடும். லித்தியம் அந்தப் ‘போதும்’ என்னும் உணர்வைத் தடுமாறச் செய்கிறது. கால்சியம் நிறைந்திருக்கும்போதே சுரப்பி இன்னும் வேண்டும் என்று வேலை செய்கிறது. 2012-இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஒரு பெரிய தொகுப்பாய்வு, லித்தியம் உண்போரிடம் தைராய்டுக் குறைவு ஏறக்குறைய ஆறு மடங்கு மிகுதி என்பதோடு, கால்சியம் உயர்வதையும் எடுத்துக் காட்டி, அதையும் சோதிக்க வேண்டும் என்றது. கால்சியம் ஏறினால் களைப்பு, தாகம், மலச்சிக்கல், மனச்சோர்வு. நாளடைவில் எலும்புத் தேய்வு, சிறுநீரகக் கல். பட்டியலைப் பாருங்கள். மீண்டும் அதே சோம்பல், மீண்டும் அதே வேடம்.

2019-இல் அக்காள் ஒரு வாரம் தொடர்ந்து படுத்தே கிடந்தார். இம்முறை நாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரத்தம் கொடுக்க அழைத்துப் போனோம். டி.எஸ்.எச். சரியாக இருந்தது. கால்சியம் 10.9, இருக்க வேண்டியதைவிடச் சற்றே மிகுதி. பாராதைராய்டு ஹார்மோனும் கூடியிருந்தது. அறுவைச் சிகிச்சை உடனே வேண்டாம், எலும்பு அடர்த்தியும் கால்சியமும் பார்த்து வருவோம் என்று முடிவாயிற்று. இன்னும் முடிவாகாத விஷயம் அது. லித்தியத்தை விட்டு வேறு மருந்துக்கு மாறலாமா என்பதையும் பேசினார்கள். அக்காள் மறுத்தார். “மொட்டை மாடியில் பாடியவள் நான்தானே? எனக்குத் தெரியும்” என்றார்.

இந்த மருந்தை உண்பவர் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும்; வெளியே சொல்லாமல் இருக்கவும் கூடும். தொடங்குமுன் ஒரு முறையும், பின்னர் ஆறு மாதத்துக்கொரு முறையும், லித்தியத்தின் அளவோடு தைராய்டு, சிறுநீரகம், கால்சியம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் கேட்க மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். எங்கள் வீட்டில் இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. 1998-இல் மெட்டுகள் எழுதிய நான்கில் எஞ்சிய வெற்றுப் பக்கங்கள் அவை. முன்பக்கம் சுரக்குறிப்புகள், பின்பக்கம் இரத்தக் கணக்கு.

அந்த மெட்டுகளில் இரண்டு நன்றாகவே இருக்கின்றன என்பது அக்காளின் கருத்து. விடியற்காலை ஐந்து மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, காப்பிக்குக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் அடுக்களையில் நின்று அவற்றைத் தாழ்ந்த சுருதியில் பாடிப் பார்க்கிறார். வரும் வியாழக்கிழமை இரத்தம் கொடுக்க மதுரைக்குப் போக வேண்டும். லித்தியத்தின் அளவுக்காக, முந்தைய இரவு மாத்திரை உண்டு பன்னிரண்டு மணி நேரம் கழிந்திருக்க வேண்டும் என்பதால் ஏழரை மணிப் பேருந்து. இம்முறை உடன் போவது சின்னத் தம்பியின் முறை.